வலையும் தூண்டிலும் பரிசலும்

(நீலகிரியில் பஞ்சாயத்து அங்கத்தினர்களுக்கும் விவசாயிகளுக்கும் நடந்த பயிற்சி முகாம் ஒன்றில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தேயிலையும் உருளைக்கிழங்கும் முட்டைக்கோசும் விளையும் இம்மலைச் சீமையில் மீன்பிடி கருவிகளைப் பற்றிப் பேச வந்திருக்கிறோமே என்று உங்களில் சிலர் வியப்படையலாம். ஆனால் நம்மைச் சுற்றி எவ்வளவு நீர் தேங்கி நிற்கிறது என்பதைச் சற்று எண்ணிப் பாருங்கள். பைக்காரா, எமரால்டு, அவலாஞ்சி, குந்தா, மேல்பவானி என்று மின்சாரத்திற்காகக் கட்டப்பட்ட நீர்த்தேக்கங்கள் வரிசையாக இருக்கின்றன. இவையன்றி, கிராமங்களை ஒட்டியும் தோட்டங்களின் ஓரத்திலும் சிறு குளங்களும் உள்ளன. மீன்வளம் பஞ்சாயத்துகளுக்குப் புறம்பான விஷயமும் அன்று. பஞ்சாயத்துகளிடம் ஒப்படைக்கத் தக்கவையென்று நமது அரசியலமைப்பின் 11ஆவது அட்டவணை கூறும் 29 துறைகளில் ஐந்தாவது மீன்வளமே ஆகும்.

ஆகவே கிராமத்துக் குளத்திற்கு வலை வாங்குவது, படகு வாங்குவது, மீன்பிடி உரிமையைக் குத்தகைக்கு விடுவது போன்ற தீர்மானங்கள் உங்கள் முன் வரக்கூடும். அப்போது எதைப் பார்த்து வாங்குவது, எதை விலக்குவது என்பதையே இன்று எடுத்துரைக்க விரும்புகிறோம்.

ஒரு மாலைப் பொழுது

முதலில் நாம் நேரில் கண்ட ஒரு நிகழ்ச்சியைச் சொல்லிவிடுகிறோம். ஊர்ப்பெயர் வேண்டாம். மலைச்சரிவில் உள்ள ஒரு நீர்நிலை. இரண்டு இளைஞர்கள் பரிசலில் சென்று வலையை இழுத்துக்கொண்டிருந்தார்கள். நீரினடியில் பழைய மரக்கட்டையொன்றில் வலை சிக்கிக்கொண்டது. இருவரும் எழுந்து நின்று, ஒரே பக்கமாகச் சாய்ந்து, பலங்கொண்ட மட்டும் இழுத்தார்கள். கண் மூடித் திறப்பதற்குள் பரிசல் கவிழ்ந்தது. ஒருவருக்கு நீச்சல் தெரியும், மற்றவருக்குத் தெரியாது. நீச்சல் தெரிந்தவரும் அந்தக் குளிர்ந்த நீரில் சிறிது நேரத்திற்குள்ளேயே கை விறைத்துத் தத்தளித்தார். கரையிலிருந்த பெரியவர் ஒருவர், மூடியிட்ட காலித் தகர டப்பா ஒன்றைக் கயிற்றில் கட்டி வீசினார். அதைப் பற்றிக்கொண்டதால் இருவரும் பிழைத்தார்கள்.

மறுநாள் அவ்வலையை ஒருவாறு மீட்டெடுத்தபோது நாம் கண்டது என்ன? உள்ளங்கை அகலங்கூட இல்லாத குஞ்சு மீன்கள் வலை நிறையச் செத்துக் கிடந்தன. விற்கவும் ஆகாது, உண்ணவும் ஆகாது. இரண்டு உயிர்கள் எதற்காக ஆபத்துக்குள்ளாயின என்று நினைக்க நினைக்க மனம் வருந்தியது.

அந்த ஒரு மாலையில் மூன்று பிழைகள் ஒன்று சேர்ந்திருந்தன. வலையின் கண் சிறியது. வலையைக் கட்டிய முறை அந்நீருக்குப் பொருந்தாதது. படகில் நடந்துகொண்ட விதம் தவறானது. இம்மூன்றையும் ஒவ்வொன்றாக ஆராய்வோம். அதற்கு முன் நம் நீரில் உள்ள மீன் எது என்று அறிய வேண்டும். மீனை அறியாமல் கருவி வாங்குவது, மண்ணை அறியாமல் விதை வாங்குவதற்கு ஒப்பாகும்.

நம் மலைக்கு வந்த மீன்கள்

நீலகிரியின் உயர்ந்த மேட்டு நிலத்து ஓடைகளில் முற்காலத்தில் பெரிய மீன்கள் இருந்ததில்லை. 1863ஆம் ஆண்டில் டாக்டர் பிரான்சிஸ் டே என்பவர் ட்ரவுட் மீனை இங்கே கொண்டுவர முயன்றார், அம்முயற்சி பலிக்கவில்லை. 1907ஆம் ஆண்டை ஒட்டி எச். சி. வில்சன் என்ற மீன்வள நிபுணர் மேற்கொண்ட முயற்சியால்தான் வானவில் ட்ரவுட் இம்மலை ஓடைகளில் நிலைபெற்றது. அவலாஞ்சியில் அதற்கென்று குஞ்சு பொரிப்பகமும் ஏற்பட்டது. பின்னர் 1939ஆம் ஆண்டில் இலங்கையிலிருந்து கண்ணாடிக் கெண்டை வந்தது. உடல் முழுவதும் செதில் மூடியிராமல், இங்கொன்றும் அங்கொன்றுமாகப் பெரிய செதில்கள் பளபளப்பதால் அதற்கு அப்பெயர் வந்தது. அது சாதாக் கெண்டையின் ஒரு வகையே.

இவ்விரண்டு மீன்களின் இயல்பும் முற்றிலும் வேறு. ட்ரவுட் குளிர்ந்து தெளிந்து ஓடும் நீரை நாடும்; பூச்சிகளையும் சிறு மீன்களையும் பாய்ந்து பிடிக்கும். கெண்டை தேங்கிய நீரில் வாழும். அடிமண்ணைக் கிளறிப் புழுக்களையும் பிறவற்றையும் உண்ணும். நீர்ச்செடிகளின்மேல் ஒட்டும் முட்டைகளை இடும். சமவெளியில் வளர்க்கும் கட்லா, ரோகு போன்ற மீன்கள் உயர்ந்த மலையின் குளிரில் நன்கு வளர்வதில்லை. எனவே நம் கிராமக் குளங்களில் பிடிபடக்கூடியது பெரும்பாலும் கெண்டையே. இதைக் கருத்தில் வைத்துக்கொண்டு கருவிகளைப் பார்ப்போம்.

வலையின் கண்

குளத்திற்கும் நீர்த்தேக்கத்திற்கும் பொதுவாக ஏற்றது செவுள் வலை. மீன் இவ்வலையின் கண்ணுக்குள் தலையை நுழைக்கிறது. உடல் பருத்திருப்பதால் முன்னே போக முடிவதில்லை. பின்வாங்கும்போது செவுளில் நூல் மாட்டிக்கொள்கிறது. ஆகவே, கண் எவ்வளவோ அவ்வளவே மீன். கண்ணைவிடச் சிறிய மீன் தப்பிப் போய்விடும்.

வலையின் கண்ணை அளப்பது எப்படி? எதிரெதிராக உள்ள இரண்டு முடிச்சுகளைப் பிடித்து விறைப்பாக இழுங்கள். ஒரு முடிச்சிலிருந்து மறு முடிச்சு வரையுள்ள நீளமே கண்ணளவு. கடைக்காரர் சிலர் ஒரு பக்கத்தின் நீளத்தை மட்டும் சொல்வதுண்டு. அது இதில் பாதியே. எந்த அளவைச் சொல்கிறார் என்று கேட்டுத் தெளிந்த பின்னரே பணம் கொடுக்க வேண்டும்.

எந்தக் கண்ணளவு நம் குளத்திற்குத் தகும்? இதற்கு எளிய வழி ஒன்று உண்டு. ஒரு முழ நூல் போதும். நாம் பிடிக்கக் கூடாது, விட்டுவிட வேண்டும் என்று கருதும் அளவுள்ள மீன் ஒன்றை எடுத்து, அதன் உடல் மிகப் பருத்த இடத்தில் நூலைச் சுற்றி அளவெடுங்கள். அந்நூலைச் சரிபாதியாக மடியுங்கள். மடித்த நூலின் நீளமே அம்மீன் நுழைந்து போகக்கூடிய கண்ணளவு. சுற்றளவு 24 சென்டிமீட்டர் என்றால், மடித்த நூல் 12 சென்டிமீட்டர். அதற்குக் குறையாத கண்ணுள்ள வலையில் அம்மீன் தப்பிவிடும். அதைவிடப் பெரியதே சிக்கும்.

எவ்வளவு பெரிய மீன் வரை விட்டுவிடுவது? ஒரு முறையேனும் முட்டையிட்ட மீனையே பிடிக்க வேண்டும் என்பது பொது விதி. குளிர்ந்த நீரில் கெண்டை மெதுவாக வளர்வதால், சமவெளிக் கணக்கு இங்கே அப்படியே பொருந்தாது. உங்கள் குளத்திலிருந்து சில மீன்களைப் பிடித்து, மீன்வளத்துறை அலுவலரிடம் காட்டிக் கேட்டு, அளவை நிச்சயித்துக்கொள்ளுங்கள்.

சிறு கண் வலை முதல் ஆண்டில் கூடை கூடையாக மீன் தரும். அதைக் கண்டு மகிழ்கிறவர்கள் உண்டு. அது விதை நெல்லைக் குத்திச் சோறாக்கிய மகிழ்ச்சியே. மறு ஆண்டு முட்டையிடத் தாய்மீன் வேண்டாமா? வலையின் தரத்தை அது பிடித்துக்கொடுக்கும் மீனைக் கொண்டு மட்டும் மதிப்பிடலாகாது. அது விட்டுவிடும் மீனையும் பார்க்க வேண்டும். இன்று நாம் சொல்ல வந்தவற்றுள் தலையாயது இதுவே.

வலையைக் கட்டும் முறை

நல்ல வலையை வாங்கிவிட்டால் மட்டும் போதாது. அதை மேல்கயிற்றிலும் அடிக்கயிற்றிலும் கோத்துக் கட்டுவதில்தான் வேலை இருக்கிறது. வலையை விறைப்பாக நீட்டிக் கட்டினால் கண்கள் ஒடுங்கி மூடிக்கொள்ளும். மீன் மோதித் திரும்பிவிடும். மிகத் தளர்த்திக் கட்டினால் பெரியதும் சிறியதும் எல்லாம் சுற்றிச் சிக்கும். செவுள் வலைக்குப் பொதுவாக, இழுத்து நீட்டிய நிலையில் 100 மீட்டர் உள்ள வலையை ஏறக்குறைய 50 மீட்டர் கயிற்றில் கட்டுவது வழக்கம்.

மேல்கயிற்றில் மிதவைகளும் அடிக்கயிற்றில் ஈயக் குண்டுகளும் கோக்கப்படுகின்றன. கெண்டை அடியில் மேய்வதால், குண்டுகளின் கனம் மிதவைகளை மிஞ்சி, வலை தரையைத் தொட்டு நிற்கும்படி அமைப்பது முறை. ஆனால் மரக்கட்டைகளும் பாறைகளும் மூழ்கிக் கிடக்கும் நீர்த்தேக்கத்தில் இம்முறை ஆகாது. அங்கே மிதவையை மிகுத்து, வலை அடித்தரைக்கு ஒரு முழமாவது மேலே நிற்கும்படி கட்ட வேண்டும். புதிய நீரில் வலை விரிப்பதற்கு முன், கயிற்றில் கல்லைக் கட்டி ஆங்காங்கே இறக்கி இழுத்துப் பார்த்தால், சிக்கும் இடம் எது, ஆழம் எவ்வளவு என்பது விளங்கிவிடும். நாம் முன்பு கூறிய இளைஞர்கள் அதைச் செய்திருந்தால் அன்று துன்பம் நேர்ந்திராது.

மற்றொன்றும் கவனிக்கத் தக்கது. நம் முன்னோர் பருத்தி நூல் வலையை மரப்பட்டைச் சாயத்தில் தோய்த்துப் பாதுகாத்தனர். அவ்வலை நீரில் தொலைந்தால் சில காலத்தில் மக்கிப்போகும். இன்றைய நைலான் வலை மக்குவதில்லை. தொலைந்த பின்னும் நீரினடியில் கிடந்து மீன்களை வீணாகக் கொன்றுகொண்டே இருக்கும். ஆகவே வலையின் இரு முனைகளிலும் பெரிய மிதவை கட்டி, அதன்மேல் உரியவர் பெயரை எழுதிவைப்பது அவசியம். கிழிந்த துண்டுகளையும் கரைக்குக் கொண்டுவந்துவிட வேண்டும்.

தூண்டில்

தூண்டில் பொழுதுபோக்கு மட்டுமன்று. ஒரு குடும்பத்தின் தேவைக்கு அதுவே போதும். வேண்டாத சிறு மீனை உயிரோடு திருப்பி விடுவதற்கும் தூண்டிலே வசதியானது.

இக்காலத்தில் கடைகளிலும் இணைய வாணிபத்திலும் கவர்ச்சியான தூண்டிற் கருவிகள் பல விற்கின்றன. சாயம் பூசிய பொய்மீன்கள், மூன்று முள் சேர்ந்த கொக்கிகள், சுழலும் தகடுகள் முதலானவை அவற்றுள் அடங்கும். இவற்றில் பல, வட அமெரிக்க ஏரிகளில் வாழும் பாஸ் என்ற மீனைப் பிடிக்கவென்றே உருவாக்கப்பட்டவை. அது மறைந்திருந்து இரைமேல் பாயும் மீன். மண்ணைக் கிளறி உண்ணும் நம் கெண்டை, ஓடும் தகட்டைத் துரத்துவது அரிது. அக்கருவியில் குறையில்லை, நம் மீனுக்கு அது பொருந்தாது. பார்த்து மயங்கிப் பணத்தை விரயம் செய்ய வேண்டாம்.

கெண்டைக்கு வேண்டியவை சிலவே. நன்கு காய்ந்த, வளையக்கூடிய மூங்கிற்கழி ஒன்று. 4 முதல் 6 கிலோ கனம் தாங்கும் நைலான் நரம்பு. 6ஆம் எண்ணிலிருந்து 10ஆம் எண் வரையுள்ள முள். ஒரு சிறு ஈயக் குண்டு. ஒரு நெட்டித் தக்கை. முள்ளின் எண் பெருகப் பெருக முள் சிறுக்கும் என்பதை நினைவில் வைக்க வேண்டும். 6ஆம் எண் முள்ளைவிட 10ஆம் எண் முள் சிறியது. தக்கையை ஆழத்திற்கேற்ப நகர்த்தி, இரை தரையைத் தொடும்படி அமைக்க வேண்டும். இரைக்கு மண்புழு உண்டு. பிசைந்த மாவு உண்டு. நம் ஊரில் குறைவின்றிக் கிடைக்கும் உருளைக்கிழங்கும் உண்டு. அதைக் குழையாமல் வேகவைத்துச் சிறு துண்டாக்கி முள்ளில் குத்தினால் கெண்டை விரும்பி எடுக்கும்.

நைலான் நரம்பில் முடிச்சிடும்போது, இறுக்குவதற்கு முன் முடிச்சை நீரில் நனைத்துக்கொள்ளுங்கள். உலர்ந்த முடிச்சை இழுத்தால் உராய்வினால் சூடேறி நரம்பு பலமிழக்கும். முள்ளில் பின்னோக்கியிருக்கும் சிறு கூரைக் குறட்டால் நசுக்கிவிட்டால், மீனின் வாய் கிழியாமல் முள்ளைக் கழற்றலாம். திருப்பி விடும் மீனை ஈரக் கையாலேயே தொட வேண்டும். உலர்ந்த கை பட்டால் மீனின் மேல்வழுவழுப்பு நீங்கி நோய்க்கு இடமாகும்.

சில நீர்களில் தூண்டிலும் போடலாகாது. ட்ரவுட் வாழும் ஓடைகள் பலவும் பாதுகாக்கப்பட்ட வனங்களில் உள்ளன. மோயாறு புலிகள் காப்பகத்தின் வழியே பாய்கிறது. காவிரிப் படுகைக்கே உரிய பெரிய மகசீர் மீன் எஞ்சியிருக்கும் சில இடங்களில் மோயாறும் ஒன்று. அது அழிவின் விளிம்பில் உள்ளதென்று 2018ஆம் ஆண்டில் உலக அளவில் அறிவிக்கப்பட்டது. வனத்துறை, மீன்வளத்துறை ஆகியவற்றின் அனுமதியில்லாமல் எந்த நீர்த்தேக்கத்திலும் ஓடையிலும் இறங்காதீர்கள். வெடி வைத்தும் நஞ்சு கலந்தும் மீன் பிடிப்பதை 1897ஆம் ஆண்டின் இந்திய மீன்வளச் சட்டமே தடுக்கிறது. நீலகிரியின் வேட்டை விலங்குகளையும் மீன்களையும் காக்க 1879ஆம் ஆண்டிலேயே தனிச் சட்டம் இயற்றப்பட்டது. கட்டுப்பாடு நமக்குப் புதிதன்று.

பரிசலும் படகும்

பரிசல் நம் நாட்டின் பழைய செல்வம். மூங்கில் பிளாச்சுகளைக் கூடை போல் முடைந்து, முற்காலத்தில் தோல் போர்த்தினார்கள். பின்னர் தார் பூசிய பிளாஸ்டிக் விரிப்பு வந்தது. இப்போது கண்ணாடியிழையில் வார்த்த பரிசல்களும் வந்துள்ளன. ஒகேனக்கல்லிலும், நம் மலையிலிருந்து இறங்கும் பவானியும் மோயாறும் சேரும் பவானிசாகரிலும் இதைக் காணலாம். விலை குறைவு, ஒருவரே தலையில் சுமந்து செல்லலாம், முழங்கால் ஆழ நீரிலும் மிதக்கும். சாலை எட்டாத சிறு குளத்திற்கு இதைவிட ஏற்றது இல்லை.

ஆனால் பரிசலுக்கு முகப்பு இல்லை. காற்று எப்பக்கம் தள்ளுகிறதோ அப்பக்கம் சுழன்று போகும். அகன்ற நீர்த்தேக்கத்தில் பருவக்காற்று வீசும்போது அதை ஒற்றைத் துடுப்பால் அடக்குவது கடினம். அவ்வகை நீருக்கு, அடி தட்டையாகவும் அகலமாகவும் உள்ள, இருபுறமும் துடுப்புப் போடத் தக்க கண்ணாடியிழைப் படகே ஏற்றது. லாரி டியூப்பையும் தெர்மாகோல் துண்டுகளையும் சேர்த்துக் கட்டிய தெப்பத்தில் ஆழ்ந்த நீருக்குச் செல்வதை எவ்வகையிலும் அனுமதிக்க வேண்டாம்.

புதிய படகை ஒப்புக்கொள்வதற்கு முன் கரையோரத்தில் சோதித்துப் பாருங்கள். எத்தனை பேர் செல்ல வேண்டுமோ, அத்தனை பேர் கனத்திற்கும் வலையின் கனத்திற்கும் சமமாக மணல் மூட்டைகளை ஏற்றுங்கள். அதன் பிறகும் படகின் விளிம்பு நீருக்கு மேல் ஒரு சாண் உயரமாவது நிற்க வேண்டும். நனைந்த வலை உலர்ந்த வலையைவிடக் கனம் என்பதையும், திரும்பும்போது மீனின் கனமும் சேரும் என்பதையும் மறக்கலாகாது.

படகில் செல்வோர் ஒவ்வொருவரும் உயிர்காப்பு மிதவைச் சட்டையை அணிந்திருக்க வேண்டும். படகினுள் மடித்து வைத்திருந்தால் பயனில்லை. வலையை உட்கார்ந்தபடியே இழுக்க வேண்டும். ஒருவர் இழுக்கும்போது மற்றவர் எதிர்ப்பக்கம் அமர்ந்து துடுப்பைப் பிடித்திருக்க வேண்டும். வலை சிக்கினால், சிக்கிய இடத்திற்கு நேர் மேலே சென்று தளர்த்திப் பார்க்கலாம், வராவிட்டால் அறுத்துவிடலாம். வலைக்கு விலையுண்டு, உயிருக்கு இல்லை. கரையிலும் ஒருவர் நிற்க வேண்டும். அவர் கையில் நீண்ட கயிறும் அதில் கட்டிய மூடியிட்ட காலி டப்பாவும் இருக்க வேண்டும்.

மழைக்காலத்தில் தனி எச்சரிக்கை தேவை. 2019ஆம் ஆண்டு ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கும் மேல் மழை பொழிந்தது நினைவிருக்கும். அத்தகைய நாட்களில் ஓடைகள் சீறி வரும். நீர்மட்டம் விரைந்து ஏறும். மின் திட்ட நீர்த்தேக்கங்களில் நீர் உள்ளிழுக்கும் வாயில்களின் பக்கம் ஒருபோதும் செல்லக் கூடாது. மூடுபனி இறங்கினால் கரை தெரியும்போதே திரும்பிவிடுங்கள்.

பஞ்சாயத்தின் பங்கு

நல்ல படகும் மிதவைச் சட்டைகளும் வாங்கத் தனியொருவருக்கு இயலாமற் போகலாம். ஊரார் சேர்ந்தால் இயலும். இந்தியாவின் கூட்டுறவு இயக்கத்திற்கு வழிகாட்டிய அறிக்கையை எழுதியவரும், 1907ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்தின் மீன்வளத் துறைக்கு அடிகோலியவரும் ஒருவரே. அவர் சர் பிரடெரிக் நிக்கல்சன். பணியிலிருந்து ஓய்வு பெற்றபின் அவர் வாழ்ந்த ஊர் குன்னூர். கூட்டுறவையும் மீன்வளத்தையும் ஒரே மனிதர் சிந்தித்தது பொருத்தமே என்று நாம் கருதுகிறோம். எல்லோருக்கும் பொதுவான நீரில் ஒருவர் மட்டும் ஒழுங்காக இருந்து பயனில்லை. ஒருவர் விட்ட குஞ்சை மற்றவர் அள்ளிவிட்டால், விட்டவர் ஏமாளியாகிவிடுவார்.

ஆகவே ஒரு சிறு காரியத்தைச் செய்யும்படி உங்களைக் கேட்டுக்கொள்கிறோம். நூலால் அளந்து நிச்சயித்த கண்ணளவுக்குச் சரியாக ஒரு மூங்கிற் குச்சியை வெட்டுங்கள். அதைப் பஞ்சாயத்து அலுவலகச் சுவரில் ஆணியடித்துத் தொங்கவிடுங்கள். குளத்தில் இறங்கும் ஒவ்வொரு வலையும் முதலில் அக்குச்சிக்கு முன் வரட்டும். இழுத்துப் பிடித்த இரு முடிச்சுகளுக்கு நடுவே குச்சி நுழைந்தால் வலை நீருக்குப் போகலாம். நுழையாவிட்டால் வந்த வழியே திரும்பட்டும். குத்தகைப் பத்திரத்திலும் இந்நிபந்தனையை எழுதிவிடுங்கள். இதற்குச் செலவென்று ஒன்றும் இல்லை. தலைவர் வலையானாலும் உறவினர் வலையானாலும் அதே குச்சியால் அளக்கும் உறுதி மட்டும் வேண்டும்.

அந்த மாலையில் கவிழ்ந்த பரிசலையும், மறுநாள் கண்ட குஞ்சு மீன்களையும் நம்மால் மறக்க முடியவில்லை. உங்கள் ஊர்க் குளத்தில் அப்படியொரு மாலை வாராதிருக்கட்டும்.